எழுதி, இயக்கி, நடிப்பவர் பிரெஞ்சு மேடையில் பிழைக்க

1966-இல் ஆந்த்ரே பெனதெத்தோ, பிரான்சின் அவிஞ்ஞோன் நாடக விழாவின் அதிகாரப்பூர்வ நிரலுக்கு வெளியே, தன் சொந்த அரங்கில் தன் நாடகத்தைப் போட்டார். ‘ஓஃப்’ விழா அங்கிருந்துதான் வளர்ந்தது. நடிகர், நாடகாசிரியர், இயக்குநர் மூன்றும் அவரே. அந்தப் பாதையில் இறங்குபவர் ஒத்திகைக்கு முன் கணக்கைப் பிடிக்க வேண்டும்.

பிரான்சில் மேடைக் கலைஞருக்கு வேலையில்லா நாட்களுக்கான படி கிடைக்க, 12 மாதத்தில் 507 மணி நேரச் சம்பள வேலை காட்ட வேண்டும். ஒரு ‘காஷே’க்கு, அதாவது மொத்தமாகப் பேசித் தரும் ஒரு சம்பளத்துக்கு, 12 மணி நேரம், ஆகவே 43 காஷே. மாதத்துக்கு 28-க்கு மேல் எண்ணமாட்டார்கள். நடிப்பும் இயக்கமும் சேரும். எழுத்துக்கு வரும் உரிமைத்தொகை சேராது. எழுதுவதிலேயே ஆறு மாதம் போனால், மீதி ஆறு மாதத்துக்குள் 43-ஐயும் தேட வேண்டும். சம்பளமில்லாத ஒத்திகையும் கணக்கில் ஏறாது.

குழுவை 1901 சட்டப்படி இலாபநோக்கற்ற சங்கமாகப் பதிவு செய்வது வழக்கம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சங்கத்தின் தலைவரும் நீங்களே, காசோலையில் கையெழுத்தும் நீங்களே என்றால், உங்களுக்கு மேலே முதலாளி யாரும் இல்லை என்று சொல்லிப் படியை மறுக்க இடமுண்டு. தலைவர், பொருளாளர் இருவரும் உண்மையிலேயே முடிவெடுக்கும் வேறு ஆட்களாக இருக்கட்டும். தயாரிப்பாளருக்கான இரண்டாம் வகை உரிமப் பதிவும் சங்கத்தின் பெயரில் வேண்டும். பிரதியை நாடகாசிரியர்களின் உரிமைச் சங்கமான எஸ்ஏசிடியில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

ஓஃப்பில் ஒரே மேடையை ஒரு நாளில் பல குழுக்கள் பகிர்கின்றன. 90 நிமிட வாடகை என்றால் நாடகம் 65 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அரங்கப் பொருள் வைக்க 10, எடுக்க 10, பார்வையாளர் உட்கார 5. நாற்காலி, மேசையின் இடத்தை உங்களுக்கென்று ஒரு நிற ஒட்டுநாடாவால் தரையில் குறியுங்கள். அடுத்த குழுவின் குறியோடு குழம்பினால் ஒளிவட்டம் ஒரு பக்கம், நடிகர் மறுபக்கம். விளக்குகளும் பொதுவானவை. உங்களுக்காக அவற்றின் திசையை மாற்றித்தர மாட்டார்கள். இருக்கும் அமைப்புக்கே ஒளித்திட்டத்தை எழுதுங்கள்.

நாடகத்தைத் தம் அரங்குக்கு வாங்க வரும் பொறுப்பாளர் கேட்பது நான்கு: ஒரு காட்சியின் விலை, பயணம் செய்யும் ஆட்கள், மேடையின் குறைந்தபட்ச அகல ஆழம், அமைக்க ஆகும் மணி நேரம். ஒரே பக்கத்தில் அச்சடித்து வாசலிலேயே கொடுங்கள்.