சைக்கிளில் 9 நிமிடம் விட்டுக்கொடுத்தேன்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு கோவாவில் முதல் முறை போனபோது மிராமார் கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி முடித்த உற்சாகத்தில், முந்திப்போகும் ஒவ்வொருவரையும் துரத்தி 90 கிலோமீட்டரை 2 மணி 50 நிமிடத்தில் மிதித்துவிட்டேன். அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஐந்தாவது கிலோமீட்டரிலேயே தொடை இறுகி, அந்த வெயிலில் பாதி தூரம் நடைதான். ஓட்டத்துக்கே 2 மணி 55 நிமிடம்!

வீட்டுக்கு வந்து, மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரின் பதிவைப் பார்த்தால் சராசரி 194 வாட். ஒரு மணி நேரத்துக்கு நான் தாக்குப்பிடிப்பதே 220 தான், அதாவது 88 சதவீதம். முட்டாள்தனம்.

அடுத்த முறை 165 வாட் என்று ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டேன். ஏற்றத்தில் 190ஐத் தாண்டக்கூடாது, இறக்கத்தில் மிதிக்காமல் உருள விடுவது, கால் மணிக்கு ஒருமுறை குடிப்பது, அவ்வளவுதான். முதல் அரை மணி நேரம் எல்லாரும் கடந்துபோகும்போது சும்மா இருப்பதுதான் பெரிய கொடுமை. சைக்கிள் 2 மணி 59 நிமிடம். ஓட்டம் 2 மணி 20, நடந்தது தண்ணீர் மேசைகளில் மட்டும்.