செம்பனைச் சாலைக்கு ஒரு 911: ஆர்டர் முதல் அன்றாடம் வரை

போர்ஷே 911 வாங்க முடிவு செய்துவிட்டீர்களா? ஷோரூமுக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு மீட்டர் நீளப் பலகை, ரசமட்டம், அளவு நாடா மூன்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பாமாயில் தரும் செம்பனை வளரும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் இந்த வண்டிக்குக் கூட்டரசு சாலை ஒரு பிரச்சினையே இல்லை. ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ அது சுகமாக ஓடும். பெரிய சாலையிலிருந்து திரும்பி, தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) நுழைந்து, லோங்காங் (சாலையோரச் சாக்கடை) மேல் போட்ட சிமெண்டுப் பலகையைத் தாண்டி, வீட்டு முன் போர்ச்சில் ஏறும் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான் முன் பம்பரின் அடி உதடு தேயும்.

பலகையின் ஒரு முனை ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலே வரும்படி, மறு முனையைச் சரிவின் மேல் வையுங்கள். தொடங்கும் இடத்து முனையைத் தூக்கி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை சரிசெய்யுங்கள். மறு முனைக்கு நேர் கீழே சரிவு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அறிய இரண்டு அளவு வேண்டும்: தொடங்கும் இடத்தில் பலகைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, மறு முனையில் உள்ள இடைவெளி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்பது கிடைக்கும். பலகை சரிவில் இடிக்காமல் இருக்க இரண்டு முனையையும் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். சாலைத் திருப்பம், லோங்காங் பலகை, போர்ச் விளிம்பு மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஷோரூமில், நீங்கள் வாங்கப் போகும் அதே மாடலின் மாதிரி வண்டியில் இரண்டு அளவு எடுங்கள். முன் உதட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரம் ஒன்று. அந்த உதட்டிலிருந்து முன் டயர் தரையைத் தொடும் இடம் வரை உள்ள தூரம் மற்றொன்று. உயரத்தைத் தூரத்தால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு உயரம் 11 சென்டிமீட்டர், தூரம் 80 சென்டிமீட்டர் என்றால் விடை 13.75. அதாவது ஒரு மீட்டரில் 13.75 சென்டிமீட்டருக்கு மேல் ஏறும் சரிவில் அந்த வண்டி உரசும். முன் அச்சை உயர்த்தும் வசதி ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் தூக்கும். அப்போது கணக்கு 15 வகுத்தல் 80, விடை 18.75. இதிலிருந்து 2 சென்டிமீட்டரைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புங்கள். ஆள் ஏறி, டாங்கி நிரம்பினால் வண்டி கொஞ்சம் தாழும்.

போர்ச் விளிம்பின் ஏற்றம் மீட்டருக்கு 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் எந்த வசதியும் காப்பாற்றாது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிவை நீட்டிப் போடுங்கள். வண்டி வந்த பிறகு செய்தால் சிமெண்டு காயும்வரை வண்டிக்கு இடம் தேட வேண்டும். லோங்காங் மேல் உள்ள பலகை நகராட்சியின் இடம் என்பதால் அதில் கைவைக்கும் முன் அனுமதி கேட்பது நல்லது.

எதற்குப் பணம், எதற்கு வேண்டாம்

911 ஜெர்மனியின் சூஃபன்ஹவுசனில் தயாராகி முழு வண்டியாக இறக்குமதியாகிறது. கெடா மாநிலத்துக் கூலிமில் 2022 முதல் பொருத்தப்படும் போர்ஷேயின் கயேன் மாடலுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை இதற்கு இல்லை. இறக்குமதி வரி 30 விழுக்காடு, அதன் மேல் கலால் வரி 105 விழுக்காடு, மொத்தத்தின் மேல் விற்பனை வரி 10 விழுக்காடு. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவதால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) மதிப்புள்ள கூடுதல் வசதி 13,000 ஆகி, 26,650 ஆகி, கடைசியில் 29,315 வெள்ளியில் வந்து நிற்கிறது. விற்பவரின் இலாபம் இதற்கு மேல். ஆகவே விருப்பப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் கை வைக்கும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன் அச்சு உயர்த்தி, சுற்றுப்புறக் கேமரா, காற்று வீசும் இருக்கை மூன்றும் இந்த ஊரில் தினமும் பயன்படும். கார்பன் செராமிக் பிரேக் வேண்டாம். அதன் முழு பலம் பந்தயத் தடத்தில்தான் தெரியும். கறுப்பு நிறத்தில் செம்மண் தூசி காலையில் துடைத்தால் மாலையில் மீண்டும் தெரியும். வெள்ளையும் சாம்பலும் பொறுத்துக்கொள்ளும்.

சக்கரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 992 எனப்படும் இப்போதைய தலைமுறை 911இன் கரேரா மாடலுக்கு அடிப்படைச் சக்கரம் முன்னால் 19 அங்குலம், பின்னால் 20. டயர் 235/40, 295/35. கரேரா எஸ் வண்டிக்கு 20, 21 அங்குலம். டயர் 245/35, 305/30. இந்த எண்களின் பொருள் என்ன? முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. டயரின் பக்கச்சுவர் உயரம் சிறிய சக்கரத்தில் முன்னால் 94 மில்லிமீட்டர், பின்னால் 103. பெரிய சக்கரத்தில் 86, ஏறக்குறைய 92. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உடைத்துப் போட்ட தார்ச்சாலைக் குழியில் விழும்போது ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் இருப்பது அந்தப் பக்கச்சுவர் மட்டும்தான். பின்னால் கிடைக்கும் 11 மில்லிமீட்டர், ரிம் வளைவதற்கும் வளையாததற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். அழகு போதும் என்று சின்னச் சக்கரத்தையே எடுங்கள்.

கையெழுத்துக்கு முன்

முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பும், எந்தத் தேதிக்குப் பின் வசதிப் பட்டியலை மாற்ற முடியாது, நாணய மதிப்போ வரியோ மாறினால் யார் ஏற்பது, விலையில் காப்புறுதி சேர்ந்திருக்கிறதா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. உறுதிப்படுத்தும் தாளில் முன் அச்சு உயர்த்தியும் சக்கர அளவும் இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பாருங்கள். இவை இரண்டும் பின்னால் சேர்க்க முடியாதவை அல்லது சேர்த்தால் கட்டுப்படியாகாதவை.

சாலை வரியை எஞ்சின் கொள்ளளவு முடிவு செய்கிறது. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 2,501 முதல் 3,000 சிசி வரை அடிப்படை 880 வெள்ளி, 2,500க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 2 வெள்ளி 50 காசு. 2,981 சிசி கரேராவுக்கு ஆண்டுக்கு 2,082 வெள்ளி 50 காசு. 3,000ஐத் தாண்டினால் அடிப்படை 2,130, ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. முந்தைய 3,745 சிசி டர்போ எஸ் வண்டிக்கு 5,482 வெள்ளி 50 காசு வரும்.

காப்புறுதியில் சந்தை விலை வேண்டாம், ஒப்புக்கொண்ட விலை என்று கேளுங்கள். வண்டி முழுதாகப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்ற சண்டை இருக்காது. வெள்ளம், மண்சரிவுக்கான கூடுதல் பாதுகாப்பும் முன்கண்ணாடிப் பாதுகாப்பும் கட்டாயம் சேருங்கள். பழைய வண்டியில் 55 விழுக்காடு வரை சேர்த்து வைத்த என்சிடி (ஈடு கேட்காததற்கான கட்டணத் தள்ளுபடி) உங்கள் பெயருக்கு உரியது. அதைப் புது வண்டிக்கு மாற்றலாம். எலி கடித்த வயருக்கு ஈடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள், காரணம் கீழே வரும்.

எண் பட்டைக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் இணைய ஏலத்தில் முன்கூட்டியே பாருங்கள். வண்டி வந்த பிறகு தேடினால் பதிவு தள்ளிப்போகும்.

வண்டி கைக்கு வரும் நாள்

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். ஈரம் கீறலை மறைக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நான்கு டயரிலும் போர்ஷே அங்கீகரித்ததைக் காட்டும் 'என்' குறி இருக்கிறதா பாருங்கள். மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் அடைக்கும் திரவப் புட்டியும் காற்றுப் பம்பும்தான். புட்டியின் காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, எங்கே திருகுவது என்று அங்கேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பெயிண்ட் பாதுகாப்புப் படலம் ஒட்ட நினைத்தால் வண்டி வீட்டுக்கு வரும் முன்பே ஒட்டிவிட வேண்டும். முதல் நூறு கிலோமீட்டரில் லோரிக்குப் பின்னால் போனாலே கல் தெறித்துப் புள்ளி விழும். படலத்தின் தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்; கல்லைத் தாங்கும். செராமிக் பூச்சு கல்லைத் தாங்காது, கழுவ மட்டும் சுலபமாக்கும். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டும்போது முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடி 50 விழுக்காடு ஒளி விட வேண்டும். 2019 மே முதல் பின்புறத்துக்கு வரம்பு இல்லை.

வந்தவுடன் பூசை உண்டு. நிறைவாகச் செய்யுங்கள், ஆனால் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வையுங்கள், பெயிண்டில் வேண்டாம். குங்குமச் சாயம் புதுப் படலத்தில் இறங்கினால் போகாது. மாலையை ஒட்டுநாடாவால் கட்டாமல் உறிஞ்சு கொக்கியில் மாட்டுங்கள். தேங்காயைச் சக்கரத்திலிருந்து தள்ளி உடையுங்கள். ஓட்டுத் துண்டு டயரில் ஏறக்கூடாது. எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு டயரையும் ரிம்மையும் உடனே தண்ணீரால் கழுவுங்கள், அமிலம் தங்க வேண்டாம்.

முதல் 3,000 கிலோமீட்டர் எஞ்சினைப் பழக்கும் காலம். கையேடு சொல்லும் சுழற்சி வரம்பைத் தாண்டாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுவதைவிட, கோலகங்சார் பழைய சாலையில் ஏறி இறங்கி ஓட்டுவது எஞ்சினுக்கு நல்லது. பெட்ரோலின் ஆக்டேன் எண் ரோன் 97க்குக் குறையாமல் போடுங்கள். கிடைக்கும் இடத்தில் ரோன் 100. ஆயில் பார்க்கும் கம்பி இந்த எஞ்சினில் இல்லை. எஞ்சின் சூடான பின் சமதரையில் நிறுத்தித் திரையில் பாருங்கள்.

இலையும் எலியும்

முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் காற்று நுழையும் வாய் உண்டு. அதற்குள் ரேடியேட்டரும் ஏர்கண்டிஷன் கண்டன்சரும் இருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலத்தில் காய்ந்த இலை அதற்குள் போய்ச் சேரும். மழையில் நனைந்து மட்கி, அலுமினியத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு அரிக்கத் தொடங்கும். ஏர்கண்டிஷன் குளிர் குறைந்தால் வாயு போட வேண்டும் என்று ஓடாதீர்கள், முதலில் இலையைப் பாருங்கள். மாதம் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் வாரம் ஒருமுறை, கைவிளக்கு அடித்துப் பார்த்து, ஒல்லியான முனை மாட்டிய வேக்கும் கிளீனரால் உறிஞ்சுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் அடித்தால் மெல்லிய தகடு மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

எலிதான் பெரிய எதிரி. செம்பனைத் தோட்டத்தில் எலி பெருகுவதால்தான் ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கும் எலிக்கு இளஞ்சூடான எஞ்சின் அறை அரண்மனை. வயர் உறையைக் கடித்துவிட்டால் விளக்கொன்று எரியும், அடுத்து வண்டி கிளம்பாது. வயர்ச்சரத்தை முழுதாக மாற்றும் செலவு கையைக் கடிக்கும். போர்ச்சில் அரிசி மூட்டை, நாய்த் தீனி, கோழித் தீவனம் எதுவும் வைக்கக்கூடாது. லோங்காங் வாய்க்கு 6 மில்லிமீட்டர் கண் கொண்ட இரும்பு வலை போடுங்கள். எலி சுவரோரமாகத்தான் ஓடும், ஆகவே பொறியைச் சுவரை ஒட்டி, நெத்திலிக் கருவாடு கட்டி வையுங்கள். விஷம் வேண்டாம், எலி எஞ்சினுக்குள் போய்ச் செத்தால் நாற்றத்தைத் தேடி வண்டியைப் பிரிக்க வேண்டி வரும். மிளகாய்க் காரம் ஏற்றிய நாடா கிடைக்கிறது, பணிமனையில் கேட்டு வயரில் சுற்றச் சொல்லலாம். மூன்று நாள் நின்ற வண்டியைக் கிளப்பும் முன் தரையில் எலிப் புழுக்கை இருக்கிறதா பாருங்கள்.

லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் சாலையில் நசுங்கினால் எண்ணெய் வழுக்கும். அதன் மேல் முதல் மழைத் துளி விழும் நேரம் மிக ஆபத்தானது. அகல டயர் தண்ணீரில் மிதக்கும் குணம் கொண்டது. 992இன் முன் சக்கர வளைவில் உள்ள உணரி தண்ணீர் தெறிக்கும் ஓசையைக் கேட்டு எச்சரிக்கும். எச்சரித்தவுடன் ஈரப் பாதைக்கான நிலைக்கு மாற்றுங்கள். பெயிண்டில் ரப்பர் பால் துளி பட்டால் ஈரத்தில் துடைக்காதீர்கள், பரவும். காயவிட்டு விரல் நுனியால் உருட்டினால் கழன்று வரும்.

வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். முடியாவிட்டால் அந்த வகை பாட்டரிக்குப் பொருந்தும் பராமரிப்புச் சார்ஜரை மாட்டுங்கள். பாட்டரி இறந்தால் முன் மூடியும் மின்சாரத்தால்தான் திறக்கும் என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். உள்ளே, கால் வைக்கும் பகுதியில் உள்ள பியூஸ் பெட்டியில் நேர்மின் முனை ஒன்று உண்டு. அங்கே வெளிப் பாட்டரியைக் கொடுத்தால் மூடி திறக்கும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள்.

பினாங்கு, கோலாலம்பூர் சேவை மையங்கள் இரண்டுமே 100 கிலோமீட்டருக்கு மேல். காப்புறுதியின் இழுவைத் தூரம் அதற்குப் போதுமா என்று இப்போதே பாருங்கள். வருகிற லோரி தட்டையான மேடை கொண்டதாக இருக்க வேண்டும்; சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். லோரியின் ஏற்றுப் பலகைக்கும் அதே ஒரு மீட்டர் கணக்குதான். பாட்டரி இறந்திருந்தால் முன் அச்சு உயராது என்பதால் மேலே சொன்ன உதாரணத்தில் 18.75 அல்ல, 13.75தான் உங்கள் எண். சரிவு அதைவிட அதிகமாக இருந்தால் டயருக்கு அடியில் இரண்டு நீளமான மரப்பலகை வைத்துச் சரிவைக் குறைத்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள்.