மட்சுவே கோட்டை நகரை ஒரே நாளில் நடந்து பார்க்கும் முறை

ஜப்பானின் ஷிமானே மாநிலத்திலுள்ள மட்சுவேக்கு முதன்முறை சென்றபோது, பகல் முழுவதையும் படகிலும் ஏரிக்கரையிலும் கழித்துவிட்டு, மாலையில் களைத்த கால்களோடு கோட்டைக்குள் ஏறினேன். எதையும் நின்று பார்க்க இயலவில்லை. இரண்டாம் பயணத்தில் கோட்டையிலிருந்து தொடங்கி வெளிநோக்கி நடந்தபோதுதான் அந்நகரம் கட்டப்பட்ட முறை எனக்கு விளங்கியது. ஆகவே அந்த வரிசையையே இங்கே தருகிறேன். ஒகாயாமாவிலிருந்து யாகுமோ விரைவு ரயிலில் வந்தால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். முந்தைய நாளே வந்து தங்கிவிடுவது நல்லது.

படி 1: காலையில் கோட்டை திறந்தவுடன் உள்ளே செல்லுங்கள். ஹோரியோ யோஷிஹாரு என்னும் பிரபு 1607இல் தொடங்கிய கட்டுமானம் 1611இல் நிறைவுற்றது. ஜப்பானில் பழைய கட்டமைப்போடு எஞ்சியிருக்கும் கோட்டைக் கோபுரங்கள் பன்னிரண்டே. அவற்றுள் இதுவும் ஒன்று. 1875இல் இதை இடிப்பதற்காக விற்க முற்பட்டபோது, உள்ளூர்க்காரர்கள் 180 யென் திரட்டிக் காப்பாற்றினார்கள். கட்டி முடித்த ஆண்டைக் காட்டும் வேண்டுதல் பலகைகள் பிற்காலத்தில் கிடைத்தது, 2015இல் இது தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம்.

படி 2: படிக்கட்டுகள். என்னைத் தடுமாற வைத்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாசலிலேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே இருப்பவை ஏணியைப் போலச் செங்குத்தான மரப்படிகள். பலரின் பாதம் பட்டு வழுவழுப்பாகிவிட்டவை. சாதாரணக் காலுறையுடன் இறங்கும்போது எனக்குக் கால் வழுக்கியது. முதுகுப்பை மேல்தளத்து விளிம்பில் இடித்தது. அடியில் ரப்பர்ப் புள்ளிகள் உள்ள காலுறையையும், உடலோடு ஒட்டியிருக்கும் சிறிய தோள்பையையுமே நான் பரிந்துரைப்பேன். பெரிய பையை ரயில் நிலையப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, பின்புறமாக இறங்குவதே பாதுகாப்பானது.

அப்படிகள் பவுலோனியா மரத்தால் ஆனவை. எதிரி நுழைந்தால் மேலே இழுத்துக்கொள்வதற்காகவே எடை குறைந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்கிறார்கள். அடித்தளத்தில், முற்றுகைக் காலத்துக்கென ஒரு கிணறும் உண்டு. தூண்களைச் சுற்றிப் பலகைகளை வைத்து இரும்புப் பட்டையால் இறுக்கியிருப்பதையும் தவறாமல் பாருங்கள். உச்சித் தளத்தில் நான்கு திசையும் திறந்திருப்பதால், ஷிஞ்சி ஏரியும், அடுத்து நீங்கள் நடக்கவிருக்கும் வீதியும் அங்கிருந்தே தெரியும்.

படி 3: கோட்டையின் வடபுறமாக இறங்கினால், அகழியை ஒட்டிய ஷியோமி நவாதே என்னும் பைன் மரச் சாலை வரும். அங்குள்ள சாமுராய் வீடு, தீ விபத்துக்குப் பின் 1733இல் மீண்டும் கட்டப்பட்டது. விருந்தினரை வரவேற்கும் முன்பகுதியின் மர வேலைப்பாட்டையும், குடும்பத்தார் புழங்கிய பின்பகுதியின் எளிமையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நடுத்தர சாமுராய் தன் தகுதியை வெளியே காட்டுவதற்கு எவ்வளவு செலவிட்டார் என்பது அந்த இரு பகுதிகளிலேயே தெரிந்துவிடும். இதே சாலையில் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1891இல் குடியிருந்த வீடும் உள்ளது. அவருடைய மனைவி செட்சு, சாமுராய் ஆட்சி முடிவுக்கு வந்த மெய்ஜி மாற்றத்துக்குப் பின் வறுமைப்பட்ட ஒரு சாமுராய்க் குடும்பத்தின் மகள். போர்வீரர் வாழ்வு எப்படி முடிந்தது என்பதை அறிய விரும்புவோர் அங்கே கட்டாயம் நிற்க வேண்டும்.

படி 4: அருகிலுள்ள சிறு மேட்டில், மட்சுவேயை ஆண்ட ஏழாம் மட்சுதைரா பிரபுவும் தேநீர்க் கலை வல்லுநருமான ஃபுமாயின் விருப்பப்படி 1779இல் அமைக்கப்பட்ட மெய்மெய்-ஆன் தேநீர்க் குடில் இருக்கிறது. கோட்டையைப் படம் எடுக்க இந்த மேடே சிறந்த இடம் என்பது என் கருத்து.

படி 5: இறுதியாக ஹோரிகாவா அகழிப் படகு. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆகும். தாழ்வான பாலங்களின் அடியில் செல்லும்போது படகின் கூரையே கீழே இறங்கும்; பயணிகள் நன்றாகக் குனிய வேண்டும். காலையில் நடந்த சாலையை நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போது, அகழிக்கும் வீடுகளுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகும்.

பின்சேர்க்கை: முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துச் செல்லலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படகிலும் காலணியைக் கழற்றித் தரையில்தான் அமர வேண்டும் என்பதை முதலில் எழுதாமல் விட்டது என் பிழை. அவருக்குக் கோட்டையின் உட்பகுதியையும் படகையும் தவிர்த்து, ஷியோமி நவாதேயில் நிதானமாக நடப்பதையே பரிந்துரைத்தேன்.