குட்டிப் பிள்ளைகளுக்குக் குறும்படம் காட்டும்போது

"அருங்காட்சியகத்தில் சிறுவர் குறும்படங்கள், ஒன்றரை மணி நேரம்" என்று அறிவிப்பைப் பார்த்தாலே எனக்குப் பகீர் என்கிறது. நான் முதன்முதலில் உதவப் போன ஒரு காட்சியில் ஏழு படங்களை இடைவெளியே விடாமல் ஓட்டினோம். மூன்றாவது படத்திலேயே பாதிப் பிள்ளைகள் நாற்காலிக்கு அடியில் இருந்தார்கள்.

பெரியவர்களின் சினிமாப் பழக்கத்தை அப்படியே பிள்ளைகள் மேல் ஏற்றுவதுதான் முதல் தவறு. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரை முன் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணியைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த ஒரு மணியையும் நாமே தின்றுவிடலாமா? மூன்று, நான்கு நிமிடப் படங்களாக ஐந்து போதும். நடுநடுவே எழுந்து குதிக்க விடுங்கள். எல்லாம் சேர்ந்து அரை மணிக்குள் முடியட்டும். மதியத் தூக்க நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

விளக்கை முழுக்க அணைப்பது அடுத்தது. கும்மிருட்டில் ஒரு பிள்ளை அழுதால் போதும், மற்றதுகளும் சேர்ந்துகொள்ளும். படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, அம்மா முகம் தெரிகிற வெளிச்சம் இருக்கட்டும். சத்தத்தைச் சரிபார்க்கும்போது புரொஜெக்டர் பக்கத்தில் நின்று கேட்கக் கூடாது. முன்வரிசை ஜமக்காளத்தில் உட்கார்ந்து கேளுங்கள், ஸ்பீக்கர் எவ்வளவு அலறுகிறது என்று அப்போது தெரியும்.

படத் தேர்வில்தான் பெரிய கோட்டைவிடல்கள். கார்ட்டூன் என்றாலே குழந்தைப் படம் என்று நினைத்துவிடுகிறோம். அப்பா இறந்துபோகும் கார்ட்டூனும் உண்டு. முழுதாகப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள். வேகமாக மின்னி மின்னி அணையும் காட்சி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதைப் பார்த்து, வலிப்பும் மயக்கமுமாக 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது பொதுவான கணக்கு.

அப்புறம் சப்டைட்டில். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அம்மா காதில் வாசித்துச் சொல்ல, அரங்கமே முணுமுணுக்கும். சென்னை மாதிரி ஊரில் தமிழ், தெலுங்கு, இந்தி பேசும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காருவார்கள். வசனமே இல்லாத பொம்மைப் படம், களிமண் உருவங்களை அசைத்து எடுத்த படம் என்றால் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம்.

யூடியூபில் கிடைக்கிறதே என்று எடுத்துப் போடுவதும் தவறு. பொது இடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். தணிக்கைச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குட்டிகளுக்கு யு மட்டும்தான்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறு. படம் முடிந்ததும் நேராக வாசலுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டு வெறும் படம் பார்த்துப் போவதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே! எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. கடலைப் பற்றி நான்கு நிமிடப் படம் காட்டிவிட்டு, கையோடு அங்கே கூட்டிப்போனால் பிள்ளை கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும் பார்வையே வேறு. (வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குத் தேதி குறித்துவிடாதீர்கள்.)

"ஷ்ஷ், பேசாதே" என்று அதட்ட ஓர் ஆளை நிறுத்தாதீர்கள். "யானை! யானை!" என்று கத்துவதுதான் அந்த வயதில் படம் பார்ப்பது. முடிந்ததும் "இன்னொரு தடவை" என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். அதற்கென்று நான்கு நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.