எம்.பார்ம் (மருந்தியல் முதுகலை) ப்ராஜெக்ட்டுக்கு பெர்பெரின் எடுக்கறீங்களா, இப்படி ஆரம்பிங்க

சீன மூலிகைல என்ன பண்ணலாம்னு கேட்டா நான் பெர்பெரின் தான் சொல்வேன், அங்க ஹுவாங்லியன்னு வயித்துப்போக்குக்கு காலங்காலமா குடுக்கற கிழங்குல இருக்கறது, நம்ம மரமஞ்சள்லயும் அதே சரக்கு தான்.

பாரிஸ் கார்னர் நாட்டு மருந்து கடைல வாங்கி நேரா மிக்சில போட்டுராதீங்க ப்ளீஸ். அரும்பாக்கம் சித்த மத்திய ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடத்துல செடி அதுதானான்னு உறுதி பண்ணிட்டு, எச்பிஎல்சில (கலவைல இருக்கறதை தனித்தனியா பிரிச்சு அளக்கற மெஷின்) பெர்பெரின் எவ்ளோன்னு அளந்துடுங்க.

பிரிச்செடுக்கறதுல சூடு முக்கியம். சீன விஞ்ஞானி டூ யூயூ 1971ல மலேரியா மருந்து ஆர்டெமிசினினுக்காக மூலிகைச் சாறு எடுத்தப்போ கொதிக்க வெச்சா வேலை செய்யலன்னு 35 டிகிரிலயே கொதிக்கற ஈதர்ங்கற கரைப்பானுக்கு மாறினாங்க, 2015ல நோபல் வந்துச்சு. நீங்க ஈதர் பக்கமே போகாதீங்க, அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர் லேப்ல ஏசி நின்னா டப்பாலயே கொதிக்கும், தீப்பிடிக்கும், பெர்பெரினுக்கு எத்தனால் போதும்.

இப்ப மெயின் மேட்டர். பெர்பெரினை வாய்வழியா குடுத்தா 1% கூட ரத்தத்துக்கு போறதில்ல, குடல் செல்லுல இருக்கற பி-கிளைக்கோபுரோட்டீன் பம்ப் உள்ள வந்ததை திருப்பி வெளிய தள்ளிடுது, மிச்சத்தை குடலும் கல்லீரலும் வேற பொருளா மாத்திடுது, அதான் லிப்போசோம்ல, அதாவது கொழுப்பால ஆன குட்டி குமிழ்ல அடைக்கறோம். டயாலிசிஸ் பைல (நுண்ணிய துளை இருக்கற சவ்வுப் பை) வெச்சு 37 டிகிரில மருந்து எவ்ளோ வேகமா வெளிய வருதுன்னு பாக்கறப்போ வெறும் பெர்பெரினையும் இன்னொரு பைல கண்டிப்பா ஓட்டுங்க, ஏன்னா அந்த பையே மருந்தை மெதுவாக்கும், அது தெரியாம லிப்போசோம் தான் மெதுவாக்குதுன்னு எழுதிடுவோம். அதே மாதிரி செல் டெஸ்ட்ல மருந்து இல்லாத காலி லிப்போசோமும் வேணும், அப்பதான் விளைவு மருந்தாலயா லிப்போசோமாலயான்னு தெரியும்.