ஒரு கோரிக்கையின் பாதையில் ஜாங்கோவைக் கற்பது

பைத்தான் மொழியில் இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஜாங்கோ போன்ற ஒரு ஃபிரேம்வொர்க்கை (ஆயத்த நிரல் கட்டமைப்பை)க் கட்டளைகளின் தொகுப்பாக மனப்பாடம் செய்து கற்பவர், எதிர்பாராத முதல் பிழைச்செய்தி வந்ததுமே எந்தக் கோப்பைத் திறப்பது என்று தெரியாமல் நின்றுவிடுவார். உலாவியிலிருந்து கிளம்பும் ஒரு கோரிக்கை எந்தெந்தக் கோப்புகளைக் கடந்து தரவுத்தளத்தை அடைந்து, பக்கமாகத் திரும்புகிறது என்பதைப் பின்தொடர்ந்து கற்பவருக்கு அந்தத் திகைப்பு இராது.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் இணையப் பிரிவில் 2003இல் உருவாகத் தொடங்கிய ஜாங்கோ, 2005இல் திறந்த மூல மென்பொருளாக வெளியானது. செய்தியறையின் கெடு நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய சூழலில் வளர்ந்ததால், நிர்வாகப் பக்கம், உள்நுழைவு, படிவச் சரிபார்ப்பு ஆகியவை அதில் ஆயத்தமாகவே இருக்கின்றன.

தொடங்குவதற்கு முன் பைத்தானில் ஃபங்ஷன், டிக்‌ஷனரி, கிளாஸ் ஆகிய மூன்றும் கைவந்திருக்க வேண்டும். பக்கத்தைக் கேட்கும் கெட், தரவை அனுப்பும் போஸ்ட் என்னும் இருவகைக் கோரிக்கைகளின் வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு இந்தத் திட்டத்துக்கான மென்பொருள்களை மட்டும் தனியே வைக்கும் மெய்நிகர்ச் சூழல் ஒன்றை அமைத்து, அதில் ஜாங்கோவை நிறுவி, புதிய திட்டத்தைத் தொடங்கி, சோதனை வழங்கியை இயக்குங்கள். அது வழக்கமாக 8000ஆம் போர்ட்டில் ஓடும்.

பயிற்சிக்கு, நண்பர்களுக்கு இரவல் கொடுத்த புத்தகங்களைப் பதிந்து வைக்கும் ஒரு சிறு செயலியை எடுத்துக்கொள்வோம். பட்டியல் பக்கத்தின் முகவரியைத் தட்டியதும், ஜாங்கோ முகவரிக் கோப்பில் அதற்குப் பொருந்தும் வரியைத் தேடி, அந்த வரி சுட்டும், கோரிக்கைக்கு விடை தயாரிக்கும் வியூ ஃபங்ஷனை அழைக்கிறது. அந்த வியூ, தரவுத்தள அட்டவணையை விவரிக்கும் மாடல் வழியாகத் தரவைப் பெற்று, பக்கத்தின் வார்ப்பான டெம்ப்ளேட்டிடம் கொடுக்க, டெம்ப்ளேட் அதை ஹெச்டிஎம்எல் பக்கமாக மாற்றுகிறது. இந்தப் பாதை ஒழுங்காக வேலை செய்ததும், ஒவ்வொரு கண்ணியையும் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். முகவரி வரியை நீக்கினால் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழை வரும். பிழை விவரங்களைக் காட்டும் டீபக் அமைப்பு இயங்கும்போது, எந்தெந்த வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது என்பதையும் அந்தப் பக்கம் காட்டும். வேறொரு தளம் போலியாகப் படிவம் அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு அனுப்பினால் ‘அனுமதி இல்லை’ என்னும் 403 பிழை வரும். இந்தப் பிழைப் பக்கங்களை நிதானமாக வாசிப்பதே மிகச் சிறந்த பயிற்சி என்பது என் உறுதியான கருத்து.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் மாடல். புத்தகத்தின் பெயர், இரவல் வாங்கியவர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி ஆகிய நான்கு புலங்கள் போதும். திரும்பிய தேதி காலியாக இருக்க அனுமதித்தால், அது காலியாக உள்ள பதிவுகளே இன்னும் வெளியில் இருக்கும் புத்தகங்கள் என்றாகிவிடுவதால், அதற்கெனத் தனிப் புலம் தேவைப்படாது. மாடலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த மாற்றத்தை விவரிக்கும் மைக்ரேஷன் கோப்பை உருவாக்க ஒரு கட்டளை, அதைத் தரவுத்தளத்தில் செயல்படுத்த மற்றொரு கட்டளை என்று இரண்டு படிகள் உண்டு. இரண்டாவதை மறந்தால், அந்தப் பெயரில் அட்டவணையில் நெடுவரிசையே இல்லை என்று தரவுத்தளம் முறையிடும்.

வாங்கியவரைத் தனி மாடலாக்கி, ஓர் அட்டவணையின் பதிவை மற்றொன்றின் பதிவோடு இணைக்கும் ஃபாரின் கீ மூலம் இணைக்கும்போது கவனம் தேவை. நூறு புத்தகங்களை வரிசையாகக் காட்டி ஒவ்வொன்றுக்கும் வாங்கியவர் பெயரைக் கேட்டால், ஜாங்கோ பட்டியலுக்கு ஒன்றும் பெயர்களுக்கு நூறுமாக 101 வினவல்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும். தொடர்புடைய தரவையும் சேர்த்தே எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் என்னும் வசதியைச் சேர்த்தால் அது ஒரே வினவலாகச் சுருங்கும். சில பதிவுகளோடு சோதிக்கும்போது இந்தக் குறை கண்ணில் படாது என்பதால், வினவல்களை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

படிவம் சேமிக்கப்பட்டதும் அதே பக்கத்தைக் காட்டாமல், வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் 302 என்னும் பதில் மூலம் பட்டியலுக்குத் திருப்பி அனுப்புங்கள். இல்லாவிட்டால் பயனர் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது ஒரே பதிவு இருமுறை சேரக்கூடும். செயலியைப் பொது வழங்கியில் ஏற்றுவதற்கு முன் டீபக் அமைப்பை அணைத்து, பாதுகாப்புக்காக ஜாங்கோ பயன்படுத்தும் ரகசியச் சாவியை நிரல் கோப்பிலிருந்து வெளியே எடுத்து, நிரலுக்கு வெளியே கணினி அமைப்பில் இருக்கும் சூழல் மாறியில் வைத்து, ஜாங்கோ தரும் வெளியீட்டுச் சரிபார்ப்புக் கட்டளையை ஒருமுறை ஓட்டி, அது காட்டும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீருங்கள்.