கட்டடத்தின் இயந்திரங்களையும் சென்சார்களையும் மென்பொருளில் அடுக்குவது எப்படி?

பராமரிப்பு மென்பொருள் கைக்கு வந்ததும் பலர் நேராகக் கணினி முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் அது வேண்டாம். ஒரு நோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடி கூலிங் டவரிலிருந்து பம்ப் அறை வரை நடந்து, ஒவ்வொரு இயந்திரத்தின் நேம்பிளேட்டையும் படம் எடுங்கள். பழைய வரைபடத்தை மட்டும் நம்பி ஏற்றினால் பின்னால் அவதிப்படுவீர்கள்.

படி 1: இடம். கட்டடம், தளம், அறை என்று ஏற்றுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

படி 2: இயந்திரம். ஒரே மாதிரி பெயர் வையுங்கள். ஏ.எச்.யு. என்பது காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம். 'ஏ.எச்.யு.-03-01' என்றால் மூன்றாம் தளத்தின் முதல் ஏ.எச்.யு. எண்ணுக்கு இரண்டு இலக்கம் கட்டாயம். இல்லாவிட்டால் பல மென்பொருள்களில் பட்டியலில் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும்.

படி 3: பாயின்ட். சென்சாரின் அளவு, இயந்திரத்துக்கான கட்டளை என்று மென்பொருளில் தெரியும் ஒவ்வொரு மதிப்பும் ஒரு பாயின்ட். இங்கே அவசரப்படாதீர்கள். இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலரிலிருந்து பேக்நெட் (கட்டடக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) வழியாக வரும்போது ஒரு பாயின்ட்டின் பெயர் வெறும் 'ஏ.ஐ.-3' என்றுகூட இருக்கலாம். அதை வைத்து யாருக்கு என்ன புரியும்? ஒவ்வொன்றையும் அதன் இயந்திரத்தின் கீழ் கொண்டுவந்து, அது அளக்கும் சென்சாரா, நாம் வைத்த இலக்கு அளவான செட்பாயின்ட்டா, இயந்திரத்துக்குப் போகும் கட்டளையா என்று குறியுங்கள். கட்டடத் தரவுகளுக்குக் குறியிட 2011-இல் தொடங்கிய புராஜெக்ட் ஹேஸ்டாக் என்ற பொது முறையும் இப்படித்தான் பிரிக்கிறது. அலகையும் மறக்காமல் போடுங்கள்.

இதனால் என்ன லாபம்? குளிர்நீர் வால்வை முழுதாகத் திறக்கச் சொல்லிப் போகும் கட்டளை 100%, ஆனாலும் ஏ.எச்.யு. தரும் காற்று 22 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 7 டிகிரியில் வர வேண்டிய குளிர்நீர் 12-இல் வருவது அதே திரையில் தெரிந்தால், டெக்னீஷியன் வால்வைக் கழற்றுவதற்கு முன், நீரைக் குளிர்விக்கும் சில்லரைப் போய்ப் பார்ப்பார்.

படி 4: இணைப்பு. இயந்திரம் எங்கே இருக்கிறது என்பது வேறு, எந்த அறைக்குக் காற்று தருகிறது என்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் மூன்றாம் தளக் கூட்ட அறை வேகுகிறது என்று புகார் வந்தது. அந்தத் தளத்து ஏ.எச்.யு.வை மூன்று நாள் குடைந்தோம். கடைசியில் மேல்தட்டைத் திறந்து காற்றுக் குழாயான டக்ட்டைப் பின்தொடர்ந்தால், அது இரண்டாம் தளத்து ஏ.எச்.யு.வுக்குப் போனது! அங்கே ஃபில்டர் முழுக்க அடைத்துக் கிடந்தது. அன்றிலிருந்து இந்தப் படியை நான் விட்டதே இல்லை.

படி 5: சரிபார்ப்பு. ஒருவர் திரை முன், ஒருவர் அறையில். அறையில் இருப்பவர் சுவரிலுள்ள வெப்பநிலை சென்சாரை உள்ளங்கையால் இரண்டு நிமிடம் பொத்திப் பிடிக்கட்டும். திரையில் அந்த அறையின் எண் மெல்ல ஏற வேண்டும். பக்கத்து அறையின் எண் ஏறினால் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. அங்கேயே நின்று பெயரைத் திருத்திவிட்டு, அப்புறம் அடுத்த அறைக்குப் போங்கள்.